யாருக்குச் சொல்கிறோம் இந்தக் கதையை?

சின்னப் பிள்ளைகளுக்கு டேப்லெட்டிலும் செல்போனிலும் கதை செய்யக் கற்றுக்கொடுப்பது இப்போது பல பள்ளிகளில் வழக்கமாகி வருகிறது. படம் வரைந்து, அதை அசைய வைத்து, சொந்தக் குரலைப் பதிந்து, இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற கதை. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்த பிள்ளை, தானே ஒன்றைச் செய்யத் தொடங்குகிறது. ஆனால் இதோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் ஒரு மோகத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு வகுப்பில், "இணையத்தில் பெயரைச் சொல்லாதே, படம் போடாதே, எந்தப் பள்ளி என்று சொல்லாதே" என்று பாதுகாப்புப் பாடம் நடக்கிறது. அதே பிள்ளை சீருடையோடு கேமரா முன்னால் நின்று, பெயர், வகுப்பு, பள்ளி, ஊர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்குகிறது. அந்த வீடியோ அன்று மாலையே யூடியூபுக்குப் போய்விடுகிறது. வாயால் சொன்ன பாடத்தை நம் கையாலேயே அழித்துவிடுகிறோம். பிள்ளைகள் நாம் சொல்வதைவிட, நாம் செய்வதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். கதை சொல்லக் கற்பதும், இணையத்தில் பத்திரமாக இருக்கக் கற்பதும் ஒரே பாடம். கதை சொல்லத் தெரிந்தவர் யாரும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளாமல் வாய் திறப்பதில்லை. யாருக்குச் சொல்கிறேன்? எதைச் சொல்லாமல் விடுகிறேன்? வில்லுப்பாட்டுக் கலைஞர் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பார்த்துத்தான் ஓரிடத்தில் கதையை நீட்டுவார், இன்னோரிடத்தில் சுருக்குவார். இந்த இரண்டு கேள்விகளும் ஐந்து, ஆறு வயதிலேயே பழக்கமாகிவிட்டால், பாதுகாப்பு என்பது மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் விதியாக இல்லாமல் இயல்பாகவே வந்துவிடும். மறுபடியும் சொல்கிறேன். யாருக்குச் சொல்கிறேன்? எதைச் சொல்லாமல் விடுகிறேன்?

இந்தக் கலையின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. டிஜிட்டல் கதைசொல்லல் என்று இன்று நாம் அழைக்கும் முறை 1990-களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் உருவானது. டேனா ஆட்ச்லி என்ற கலைஞரும், நாடகத் துறையிலிருந்து வந்த ஜோ லாம்பர்ட்டும் அதற்கு முன்னோடிகள். அவர்கள் பட்டறைகளுக்கு வந்தவர்கள் சாதாரண மனிதர்கள், பெரியவர்கள். வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்கவில்லை. முதலில் வட்டமாக உட்கார்ந்து, தன் கதையைச் சில பேருக்கு வாயால் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்பார்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்பது அங்கேயே தெளிந்துவிடும். படமும் இசையும் அதற்குப் பிறகுதான். கதை சொன்னவருக்கே சொந்தம், அதை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்வதும் அவரே என்பது அந்த மரபின் அடிப்படை. வளர்ந்தவர்களுக்கே இவ்வளவு மரியாதை காட்டிய ஒரு கலையைப் பிள்ளைகளிடம் கொண்டுவரும்போது அந்த மரியாதையை மட்டும் கழற்றி வைத்துவிட்டோம். கருவியை எடுத்துக்கொண்டோம், வட்டத்தை விட்டுவிட்டோம்.

கருவிகள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் என் கட்சி ஒன்றே ஒன்றின் பக்கம்தான். அது ஸ்கிராட்ச் ஜூனியர். எம்.ஐ.டி. மீடியா லேபின் ஆய்வுக் குழுவும், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மரீனா உமாஷி பெர்ஸ் நடத்திய குழுவும் சேர்ந்து, ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்து 2014-இல் வெளியிட்ட செயலி அது. இலவசம். அதன் கட்டளைக் கட்டைகளில் எழுத்து கிடையாது, படக் குறிகள்தான். ஆகவே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையும், ஆங்கிலம் தெரியாத பிள்ளையும் அதில் வேலை செய்யலாம். ஒரு கதைக்கு நான்கு பக்கங்கள்தான், ஐந்தாவது பக்கம் கிடையாது. பலர் இதைக் குறை என்பார்கள். நான் இதைத்தான் அதன் முதல் பெருமை என்பேன். நான்கு பக்கத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் எதையாவது விட்டே ஆக வேண்டும். எதை விடுவது என்று பிள்ளை யோசிக்கும் அந்த நேரம்தான் உண்மையான பாடவேளை. இரண்டாவது பெருமை, அதற்குக் கணக்குத் தொடங்க வேண்டாம், பெயர் பதிய வேண்டாம். நாமாக வெளியே அனுப்பாதவரை, செய்த கதை அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கும். விருப்பக்குறி எண்ணிக்கை இல்லை, கருத்துப் பெட்டி இல்லை, முகம் தெரியாதவர் வந்து பேச வழியே இல்லை.

காக்கா வடை கதையையே எடுத்துக்கொள்வோம். காகம், வடை, நரி மூன்றையும் பிள்ளையே வரைகிறது. நரி மரத்தடிக்கு வந்து, "நீ அழகாகப் பாடுவாயாமே" என்கிறது. சொன்னதும் ஓர் ஆரஞ்சு நிற உறையை அனுப்புகிறது. ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்குச் சேதி சொல்ல அந்தச் செயலியில் உறைக் கட்டைகள் உண்டு. ஆரஞ்சு உறை வந்ததும் காகம் "கா, கா" என்று பிள்ளையின் குரலில் பாடுகிறது. பாடி முடித்ததும் ஒரு சிவப்பு உறையை அனுப்புகிறது. சிவப்பு உறை வடைக்கு. அது வந்ததும் வடை கீழே இறங்குகிறது. நரி சொன்னதால் காகம் பாடியது, காகம் பாடியதால் வடை விழுந்தது. எதனால் எது நடந்தது என்பதைப் பிள்ளை தன் விரலால் கோத்துவிட்டது. இப்போது ஆசிரியர் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: "வடை விழாமல் செய்ய முடியுமா?" காகத்தைப் பாடவிடாமல் செய்யலாம் என்று சில பிள்ளைகள் சொல்லும். ஆனால் வடையைக் காலடியில் வைத்துக்கொண்டு பாடிய காகத்தையும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அதற்குச் சிவப்பு உறையை மட்டும் எடுத்துவிட்டால் போதும். கதையை ஓட வைக்கும் பச்சைக் கொடியைத் தொட்டால் நரி புகழ்கிறது, காகம் பாடுகிறது, வடை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இணையப் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒரு கட்டையை எடுத்ததில் அடங்கிவிட்டது. பாடாதே என்று சொல்வது பாதுகாப்பு ஆகாது. வடையைப் பத்திரப்படுத்திவிட்டுப் பாடு என்பதுதான் பாதுகாப்பு. உன் வடை எது என்று கேட்டால் பிள்ளைகளே பட்டியல் போடுவார்கள்: என் பெயர், என் பள்ளி, என் தெரு, அம்மாவின் போன் நம்பர், என் போட்டோ. ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையிலும் பாடுவது, பத்திரப்படுத்துவது இரண்டும் சேர்ந்தேதான் இருக்கின்றன. 13-ஆவது பிரிவு குழந்தைக்குக் கருத்துச் சொல்லும் உரிமையைத் தருகிறது. 16-ஆவது பிரிவு அந்தரங்கத்துக்கான உரிமையைத் தருகிறது. இந்த உரிமைகள் இணைய உலகத்துக்கும் பொருந்தும் என்று அந்த உடன்படிக்கைக்கான குழு 2021-இல் விரிவாகவே எழுதி வைத்திருக்கிறது. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பறிக்க நமக்கு அதிகாரம் இல்லை.

எனக்குப் பிடித்த இந்தச் செயலியிலும் ஒரு கேமரா பொத்தான் உண்டு. வரையும் பலகையில் அதைத் தொட்டு, பாத்திரத்தின் முகத்தில் பிள்ளை தன் போட்டோவைப் பொருத்தலாம். அந்தப் பொத்தானை மறைக்கச் சொல்ல மாட்டேன். அதைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்கச் சொல்வேன். இந்தக் கதைக்கு உன் முகம் தேவையா, வரைந்த முகம் போதாதா என்று கேட்கச் சொல்வேன். பெரும்பாலும் வரைந்த முகமே கதைக்கும் அழகு. வரைய வராத பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில், யாரும் எடுத்தாளக்கூடிய உரிமத்தோடு ஓவியங்கள் கிடைக்கின்றன. தமிழ்க் கதைகளும் ஏராளம். அந்த ஓவியத்தை எடுக்கும்போது ஓவியரின் பெயரைப் போட வேண்டும் என்பதையும் பிள்ளை கூடவே கற்றுக்கொள்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு. இவ்வளவு சின்ன வயதில் திரையே வேண்டாம் என்பது முதல் மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. நான் பேசுவது அதைத் தாண்டிய வயதுப் பிள்ளைகளைப் பற்றி. அவர்களுக்கும் முக்கால்வாசி வேலை திரைக்கு வெளியேதான். வட்டமாக உட்கார்ந்து சொல்வது, ஒரு தாளை நான்காக மடித்துக் கட்டம் கட்டமாக வரைவது, வரைந்ததைப் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லிப் பார்ப்பது. டேப்லெட் கடைசியில்தான் வரும். டேப்லெட்டே இல்லாத பள்ளியும் நான்கு கட்டத்துத் தாளையும் ஆசிரியரின் போனில் குரல் பதியும் வசதியையும் வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தை முழுதாக நடத்தலாம்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் வலுவானது. கேட்க ஆள் இல்லாமல் கதை எதற்கு, உலகம் பார்க்கட்டுமே, பிள்ளைக்கு உற்சாகம் வருமே என்பார்கள். கேட்க ஆள் வேண்டும் என்பதுதான் என் வாதமும். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு உலகம் என்பது ஒரு எண். வகுப்பில் இருக்கும் முப்பது பேர் முகங்கள். எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் கவனம் சிதறியது என்று அந்த முகங்கள் சொல்லும். திரையில் ஏறும் எண் அதைச் சொல்லாது. கேட்பவர் வட்டம் வயதோடு சேர்ந்து விரியட்டும்: முதலில் வகுப்பு, பிறகு வீடு, பிறகு பள்ளி ஆண்டு விழா. எட்டு வயதுக்கு மேல், 2007-இல் வந்த மூத்த ஸ்கிராட்ச் இருக்கிறது. அதற்கு இணையச் சமூகம் உண்டு. ஆனால் உண்மைப் பெயரைத் தவிர்க்கச் சொல்லும் விதி உண்டு, கண்காணிப்பவர்கள் உண்டு, தனிச்செய்தி அனுப்பும் வசதி கிடையாது. படிப்படியாக ஏறலாம். முதல் படியிலேயே உலகத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டியதில்லை.

சட்டம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்பது மூன்றாவது. இருக்கிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. நல்ல சட்டம். ஆனால் படத்தைப் போடுவதே பெற்றோராக இருந்தால் அந்தச் சம்மதம் யாரைக் காக்கும்? 2019-இல் யூடியூப், சிறுவர் சிறுமியர் தோன்றும் பெரும்பாலான வீடியோக்களில் கருத்துப் பகுதியையே மூட நேர்ந்தது. விளையாடுவதும் உடற்பயிற்சி செய்வதுமான சாதாரண வீடியோக்களின் கீழே வக்கிர எண்ணம் கொண்டவர்கள் கூடியதுதான் காரணம். அவற்றில் பல, பெருமையோடும் பாசத்தோடும் போடப்பட்டவையாகத்தான் இருந்திருக்கும். சட்டத்துக்கு முன்னால், பொத்தானை அழுத்தும் விரலுக்குப் புத்தி வர வேண்டும்.

சில விதிகளை நேராகச் சொல்லித்தான் ஆக வேண்டும், மறுக்கவில்லை. கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே. யாராவது "இது ரகசியம், அம்மாவிடம் சொல்லாதே" என்றால் உடனே அம்மாவிடம் சொல். யாரிடமும் சொல்ல முடியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு போன் செய். இவற்றைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் இவை மனத்தில் தங்க வேண்டுமென்றால், முடிவெடுத்துப் பழகிய மனம் வேண்டும்.

அதனால் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். பிள்ளை கதையைச் செய்து முடித்ததும், "இதை யாருக்குக் காட்டலாம்?" என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். "பாட்டிக்கு மட்டும்" என்றால் பாட்டிக்கு மட்டும். "யாருக்கும் வேண்டாம், அழித்துவிடலாம்" என்றால் அழித்துவிடுங்கள், வருத்தமாக இருந்தாலும் அழித்துவிடுங்கள். நம் மீது அன்பு வைத்திருக்கும் ஒரு பிள்ளை நம்மிடமே "வேண்டாம்" என்று சொல்லி, அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கிடைத்ததைப் பார்த்திருந்தால்தான், நாளை முகம் தெரியாத ஒருவரிடமும் தயங்காமல் "வேண்டாம்" என்று சொல்லும்.