வாடகைக் குடிகளும் புதுக் கட்டடமும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடைவீதியிலுள்ள நம் சங்கத்துக் கட்டடத்தை இடித்துவிட்டு, கீழே கடைகளும் மேலே வாடகை வீடுகளுமாகப் புதியதொன்று எழுப்ப வேண்டும் என்னும் யோசனை நிர்வாக சபையின்முன் வந்துள்ளது. அதுபற்றி எம் கருத்தைச் சொல்லுமாறு காரியதரிசியவர்கள் பணித்தார்கள். யாம் இலக்கணம் கற்பிப்பவர். சிமெண்டும் கம்பியும் அறியோம். ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாடகை வீட்டிலேயே காலங்கழித்து வருகின்றோமாதலின், அந்த ஒரு தகுதி பற்றியேனும் இங்கு நிற்கத் துணிந்தோம்.

கட்டடம் பழுதுற்றது, இடிக்க வேண்டுவதே. மழைக்காலத்தில் மேல்மாடிக்குச் சென்று வந்த எவரும் இதனை மறுக்கார். எழுந்துள்ள வழக்கு வேறு. புது வீடுகளை நம்மவர்க்கே விடவேண்டும் என்கின்றனர் ஒரு சாரார். யாராயினும் ஆகுக, கூடுதல் வாடகை தருவோர்க்கு விட்டு, வரும் பணத்தை மாணவர் உதவிச்சம்பள நிதியிற் சேர்க்க வேண்டும் என்கின்றனர் மற்றொரு சாரார். இவ்விரு கட்சியாரும் ஒரு செய்தியில் ஒத்திருக்கின்றனர். இப்பொழுது அங்கே குடியிருப்போரைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இத்தகைய காரியம் ஒன்றை நம்மினும் பெரிய அளவில் ஒரு சமூகத்தார் தொடங்கி நடத்திவருகின்றனர். மும்பை மாநகரின் தென்பகுதியில் பெண்டி பஜார் என்றோர் இடம் உண்டு. பெண்டி என்பது மராட்டியில் நம் பூவரசின் பெயர். அம்மரங்கள் நின்றமையால் அப்பெயர் வந்தது என்பர் சிலர். ‘பஜாருக்குப் பின்புறம்’ என ஆங்கிலேயர் தம் மொழியிற் கூறியதன் திரிபு என்பர் வேறு சிலர். யாம் பூவரசின் பக்கமே நிற்போம். துறைமுகத்தில் உழைக்க வந்த தனியாட்கள் தங்குதற்கென எழுந்த கட்டடங்கள் பல அங்கே இருந்தன; நாளடைவில் அவற்றிற் குடும்பங்கள் நிறைந்தன. கீழே இரும்புக் கடையும் அத்தர்க் கடையும், மேலே சிற்றறைகள், ஒரு தளத்தார்க்கெல்லாம் பொதுவான கழிப்பிடம்.

அவை பாழானமைக்குக் காரணம் உண்டு. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பரில் இருந்த வாடகையையே அளவாக வைத்தது. அதனால் ஏழைக் குடிகள் தெருவுக்குத் தள்ளப்படாது பிழைத்தனர். ஆனால் விலைவாசி ஏற, வாடகை நின்ற இடத்திலேயே நின்றது. உடையவர் பழுது பார்ப்பதைக் கைவிட்டனர். அங்கே ‘பகடி’ என்றொரு முறையும் வழங்குகிறது. குடிபுகுவோர் முதலிலேயே ஒரு பெருந்தொகை கொடுத்துவிட்டுப் பின்னர்ச் சிறு வாடகையில் தலைமுறைக் கணக்காக இருப்பர். இன்னொருவர்க்கு மாற்றுங்கால் கிடைக்கும் பணத்தில் உடையவர்க்கும் ஒரு பங்கு உண்டு. அச்சொல்லுக்கு அங்கே தலைப்பாகை என்பது பொருள். தமிழிலோ பகடி கேலியாம். ஒழுகும் கூரையின்கீழ் இருந்தோர்க்கு நம் பொருளே பொருத்தமாகத் தோன்றியிருக்கும்.

அங்கு மிகுதியாக வாழ்வோர் தாவூதி போரா முஸ்லிம்கள். அவர்தம் சமயத் தலைவராயிருந்த சையத்னா முகம்மது புர்ஹானுத்தீன் அவர்களின் எண்ணத்தால் 2009ஆம் ஆண்டில் ஒரு டிரஸ்ட் அமைந்தது. ஏறக்குறைய 16.5 ஏக்கர் நிலம். 250 அளவிலான கட்டடங்கள். 3,200 அளவிலான குடும்பங்கள். 1,250 அளவிலான கடைகள். கட்டடங்களை உடையவரிடமிருந்து விலைக்கு வாங்கி, குடிகளின் இசைவைப் பெற்று, அவர்களைத் தற்காலிக வீடுகளுக்கு அனுப்பி, பகுதி பகுதியாக இடித்துக் கட்டுதல் என்பது ஏற்பாடு. பழைய குடி ஒவ்வொருவர்க்கும் குறைந்தது 350 சதுர அடியில், தனிக் கழிப்பிடத்தோடு கூடிய வீடு, விலையின்றி உடைமையாகவே கிடைக்கும். மிகுதியாக எழும் மாடிகளை வெளியார்க்கு விற்றுச் செலவை ஈடு செய்வர். கடைக்காரர்க்குக் கீழ்த்தளங்களில் இடம்.

இதில் எம் நெஞ்சைக் கவர்ந்தது ஒன்று. போராக்கள் அல்லாத குடிகளும் அங்குளர். அவர்க்கும் அதே வீடு, அதே உரிமை. பணமும் முயற்சியும் ஒரு சமூகத்தாருடையனவாயினும், குடியுரிமையைச் சாதி கேட்டு அளக்கவில்லை.

ஆயினும் அதனை முழுதும் புகழ்ந்து அமர்தற்கு இல்லை. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் காலையில், அத்திட்டத்துள் அடங்கிய ஹுசைனி கட்டடம் சரிந்தது. முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். பழுதுற்றதென முன்னமே அறியப்பட்ட கட்டடம், சில குடும்பங்கள் வெளியேறியிருந்தன, சில இருந்தன. திட்டம் தொடங்கி எட்டாண்டு ஆகியிருந்தது. காலையிற் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகளைத் தினந்தோறும் காண்பவராகிய யாம் அச்செய்தியைப் படித்தபொழுது, நம் கட்டடத்தின் மாடிப்படியே கண்முன் நின்றது. ஆகையால் மெதுவாகப் பார்ப்போம் என்பார்க்கு யாம் உடன்படோம்.

அங்கே குடிகள் உடையவராயினர். நாம் எழுப்பப்போவதோ வாடகைக் கட்டடமாகவே இருக்கும். அது குறையன்று. ஊருக்குப் புதிதாக வரும் எழுத்தர்க்கும், கணவனை இழந்து தையல் தைக்கும் பெண்ணுக்கும், எம்போன்ற ஆசிரியர்க்கும் வேண்டுவது விலைக்கு வீடன்று; தொழிலுக்கு அருகே, தாங்கத்தக்க வாடகையில் ஓர் இடம். அவ்விடத்தை ஒருமுறை இழந்தால் ஊர்ப்புறத்தே போக வேண்டும். போகவரப் பேருந்துச் செலவு வாடகையைத் தின்றுவிடும். இன்னொன்று: மாடி உயர உயர மின்தூக்கிக்கும் நீரேற்றும் மோட்டாருக்கும் மாதந்தோறும் செலவு ஏறும். அதனை வாடகையோடு சேர்த்துக் கணக்கிட்ட திட்டத்தை இதுகாறும் யாம் கண்டிலோம். மூன்று மாடிக்குமேல் வேண்டா என்பது எம் துணிபு. கடைகளையும் தெருவை நோக்கிய தரையிலேயே வைக்கவேண்டும். பூட்டுப் பழுது பார்ப்பவரை மாடிக்கு ஏற்றினால் அவரைத் தேடி யார் படியேறுவர்?

உதவிச்சம்பள நிதியைப் பற்றி. எம் வகுப்பிலேயே அப்பணத்தாற் படித்தோர் பலர். அது பெருகவேண்டும் என்பதில் எமக்கு இருவேறு எண்ணமில்லை. ஆனால் முப்பதாண்டாக வாடகை தந்த குடியை வெளியேற்றிக் கிடைக்கும் தொகையால் நம் பிள்ளை படித்தான் என்று எழுத எம் கை கூசுகின்றது. பழைய குடிகளும் கடைக்காரரும் எச்சாதியராயினும் முதலில் திரும்பி வரட்டும். மிகுதியாக எழும் வீடுகளையும் கடைகளையும் நடப்பு வாடகைக்கு விடுவோம். அதன் வரும்படி நிதிக்குச் செல்லட்டும். அவ்வரும்படி சிறிதே என்பீர்கள். சிறிதுதான்.

இடிப்பதற்கு முன்பே திரும்பும் உரிமை பத்திரத்தில் ஏறவேண்டும்; வாய்ச்சொல் போதாது. எம் இளமையில் எம் குடும்பம் குடியிருந்த வீட்டைப் புதுப்பிக்க இடித்தனர். முடிந்ததும் உங்களுக்கே என்றனர். எம் தந்தையார் அச்சொல்லை நம்பித் தட்டுமுட்டுகளை உறவினர் வீட்டுத் திண்ணையில் அடுக்கினார். ஓராண்டு கழித்துச் சென்று கேட்டபொழுது புது வாடகையைச் சொன்னார்கள். அவர் மறுமொழி கூறாது திரும்பி வந்தார். ஆட்டுக்கல் மட்டும் அத்திண்ணையிலேயே நெடுங்காலம் கிடந்தது.

மேலும் ஒன்று. குடிகளின் பட்டியலை வாடகைச் சீட்டைக்கொண்டு தயாரிப்பதாகக் கேள்வியுற்றோம். மாடிப்படியின்கீழ் பூக்கட்டி விற்கும் மூதாட்டியை நீங்கள் எல்லீரும் அறிவீர்கள். அவர் நம்மவர் அல்லர்; அவரிடம் சீட்டும் இல்லை; நாள்தோறும் கட்டடக் காவற்காரரிடம் ஏதோ கொடுத்து வருகின்றார். இன்று எழுதப்படும் தீர்மானத்தில் அவர் பெயரும் இடம்பெற வேண்டும் என யாம் முன்மொழிகின்றோம். வழிமொழிவார் உளரேல், அச்செய்தியை அவரிடம் யார் சென்று சொல்வது என்பதையும் இக்கூட்டத்திலேயே முடிவு செய்துவிடலாம்.