கேத்தே மாடியிலிருந்து தோட்டத்து மண்டபம் வரை

(தொலைக்காட்சி உரையரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒலிபரப்பின் தொடக்க வரலாற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். மக்கள் தொடர்பியல் டிப்ளோமா படித்த காலத்தில் இந்தப் பாடத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவள் நான். மார்க்கோனி, ஜான் லோகி பேர்ட், 1922இல் பிபிசி என்று வரிசையாக ஒப்புவிப்பேன். நம் மண்ணுக்கு வானொலி எப்படி வந்தது, அதற்குள் தமிழ் எப்படி நுழைந்தது என்று அன்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். எங்கள் பாடநூலில் அது அரைப் பக்கம்கூட இல்லை. இன்று அந்த அரைப் பக்கத்தைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்தில் வானொலி எப்போதெல்லாம் பெரிதாக வளர்ந்ததோ, அப்போதெல்லாம் அதன் பின்னால் ஒரு நெருக்கடி இருந்திருக்கிறது. போர், ஆக்கிரமிப்பு, அவசரகாலம், மோதல் என்று ஏதாவது ஒன்று. ஆள்பவர்களுக்கு மக்களிடம் அவசரமாக ஒரு சேதி சொல்ல வேண்டியிருந்தது. தமிழுக்கு வானலையில் இடம் விரிந்ததும் பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான் என்பது என் கருத்து. அப்படிக் கிடைத்த இடத்தை நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்பது வேறு கதை. அதற்கும் வருகிறேன்.

மலாயாவுக்கு முதல் வானொலிப் பெட்டி 1921இல் வந்தது. ஜொகூரில் மின்பொறியாளராக இருந்த ஏ. எல். பர்ச் என்பவர் அதைக் கொண்டு வந்தார். (பேராக்கில் 1875இல் கொல்லப்பட்ட பர்ச் வேறு, இவர் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அதன்பின் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் ஆர்வலர் சங்கங்கள் தோன்றின. வெள்ளைக்கார அதிகாரிகளும் வசதியுள்ள சிலரும் மாலை வேளைகளில் கூடி இசைத்தட்டு போட்டு ஒலிபரப்புவார்கள். அது ஒரு பொழுதுபோக்கு மன்றம், அவ்வளவுதான்.

அதே காலத்தில் தமிழ் பேசும் மற்ற ஊர்களில் என்ன நடந்தது என்று பார்த்தால், சென்னையில் 1924இல் ஒரு வானொலி மன்றம் தொடங்கி, பணமில்லாமல் 1927இல் நின்று போனது. பிறகு சென்னை மாநகராட்சி அதை எடுத்து நடத்தியது. இலங்கையில் 1925 டிசம்பரில் கொழும்பு வானொலியே தொடங்கிவிட்டது. பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியாளர் ஒலிபரப்பியை அமைத்தார் என்பார்கள். அதைத் தொடக்கி வைத்த ஆளுநர் சர் ஹியூ கிளிஃபோர்ட். பகாங்கில் நீண்ட காலம் பணியாற்றிய அதே கிளிஃபோர்ட்தான். 1927இல் அவர் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இங்கேயே திரும்பி வந்தார். ஆனால் கொழும்பில் திறந்து வைத்தது போன்ற ஒரு நிலையத்தை இங்கே திறந்து வைக்கும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. அதற்கு இன்னும் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1937 மார்ச் 1ஆம் தேதி, சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் நிலையத்தை ஆளுநர் சர் ஷெண்டன் தாமஸ் திறந்து வைத்தார். அது ஒரு தனியார் நிறுவனம். உரிமம் வாங்கிப் பெட்டி வைத்திருப்பவர்களை நம்பி நடந்தது. பெட்டி வாங்கப் பணம் வேண்டும், அதை ஓட்ட மின்சாரம் வேண்டும். லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் வாழ்ந்தவர்களுக்கு இரண்டும் எட்டாதவை. இன்னொன்றையும் கவனியுங்கள். லண்டனில் பிபிசி 1936 நவம்பரிலேயே தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கிவிட்டது. அங்கே படம் ஓடத் தொடங்கிய பிறகுதான் இங்கே ஒரு முறையான வானொலி நிலையம் திறப்பு விழா கண்டது.

போர் நெருங்கியதும் காட்சி மாறியது. 1940இல் அரசாங்கம் அந்த நிறுவனத்தைத் தன் கையில் எடுத்து மலாயா ஒலிபரப்புக் கழகம் ஆக்கியது. அது செயல்பட்ட இடம் கேத்தே கட்டடம். அன்று சிங்கப்பூரிலேயே மிக உயரமான கட்டடம் அது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தபோது, சரணடைவதற்கு அடையாளமாக அதன் உச்சியில்தான் ஜப்பானியக் கொடியை ஏற்றச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் அதே கட்டடத்திலிருந்து ஜப்பானியர்களின் வானொலி பேச ஆரம்பித்தது.

ஜப்பானியர் காலத்தில் சிற்றலை வானொலி கேட்பது குற்றம். சிறைப்படுத்துவார்கள், அடிப்பார்கள், உயிரும் போகும். பேராக்கில் பாப்பான் என்ற சிற்றூரில் சிபில் கார்த்திகேசு என்ற தாதி இருந்தார். யூரேசியப் பெண்மணி, கணவர் டாக்டர் கார்த்திகேசு தமிழர். அவர்கள் வீட்டில் ஒரு வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்து பிபிசி செய்தி கேட்டு, நம்பகமானவர்களிடம் வாய்வழியாகப் பரப்பி வந்தார்கள். பெயர் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக அந்தப் பெட்டிக்கு 'ஜோசஃபின்' என்று பெயர் வைத்திருந்தார்களாம். போராளிகளுக்கு மருத்துவமும் பார்த்தார் சிபில். 1943இல் பிடிபட்டு, கொடிய சித்திரவதைக்கு ஆளானார். போருக்குப் பின் ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. ஆனால் 1948இல் இறந்துவிட்டார். இன்று கைப்பேசியில் பத்து நிலையங்களை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டு 'ஒன்றும் சரியில்லை' என்று அலுத்துக்கொள்கிறோமே, அப்போதெல்லாம் எனக்கு ஜோசஃபின் ஞாபகம் வரும்.

இதே ஆண்டுகளில் இன்னொரு குரலும் வானலையில் வந்தது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 21ஆம் தேதி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்த இடமும் கேத்தேதான், அதன் திரையரங்கம். ஜெர்மனியில் 1942இல் தொடங்கிய ஆசாத் ஹிந்த் வானொலி பின்னர் சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் மாறியது. அதன் ஒலிபரப்பு மொழிகளில் தமிழும் ஒன்று. தோட்டத்துப் பிள்ளைகள் பால்வாளியை வைத்துவிட்டு இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனதற்கு அந்தக் குரல் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கங்காணியும் துரையும் அதட்டும் குரலையே கேட்டுப் பழகிய காதுகளுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

போர் முடிந்து 1946 ஏப்ரல் 1ஆம் தேதி ஒலிபரப்புத் துறை அமைந்தது. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு 'ரேடியோ மலாயா' பிறந்தது. இரண்டே ஆண்டுகளில், 1948 ஜூனில், அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து பேசுவதற்கு எதிராக அரசாங்கமும் மக்களிடம் பேச வேண்டியிருந்தது. காசு கொடுத்துப் பெட்டி வாங்க முடியாதவர்களிடம் பேசுவது எப்படி? அரசே பொதுப் பெட்டிகளை வைத்தது. கம்பங்களிலும் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் சமூக வானொலிப் பெட்டிகள் வந்தன. பெருவாரியான தோட்டத் தமிழர்களின் காதில் வானொலி விழுந்தது இந்த வழியில்தான்.

என் தாத்தா அப்போது கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் சிறு பையன். பெட்டி தோட்டத்து மண்டபத்தில், அலமாரிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்குமாம். சாவி கிராணியார் வீட்டில். அந்திப் பொழுதில் அவர் வந்து திறந்து, குமிழைத் திருகிவிட்டுப் போவார். வேறு யாரும் தொடக்கூடாது. "செய்தி வந்தா பெரியவங்க எழுந்து வெத்தல போடப் போயிடுவாங்க. பாட்டு வந்தா எங்கிருந்துதான் வருவாங்களோ, உட்கார எடம் இருக்காது" என்பார் தாத்தா. பேட்டரி தீர்ந்துவிட்டால் டவுனுக்கு ஆள் போய் வரும்வரை மண்டபம் ஊமையாகிவிடும்.

அரசாங்கம் எதற்காகப் பெட்டி வைத்ததோ அதற்கு வெற்றிலை போடப் போனார்கள். எதற்காக வைக்கவில்லையோ அதற்கு இடம்பிடித்து உட்கார்ந்தார்கள். நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்று தொடக்கத்தில் சொன்னேனே, இதுதான். பாட்டு, நாடகம், பண்டிகை நிகழ்ச்சி, வாழ்த்து என்று அந்த நேரத்தைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். நேயர்கள் கடிதம் எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளி ஆசிரியரைப் பிடித்து எழுதச் சொன்னார்கள். அறிவிப்பாளரின் தமிழைக் கேட்டுத் தன் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டதாகத் தாத்தா இன்றும் சொல்வார். படிப்பை மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர் அவர்.

1959 ஜனவரியில் ரேடியோ மலாயா இரண்டாகப் பிரிந்தது. சிங்கப்பூர் தனக்கென ஒரு வானொலியை நடத்தியது, ரேடியோ மலாயா கோலாலம்பூருக்கு வந்தது. அரசியலுக்கு வானொலி எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 1961இல் மலேசிய இணைப்பை ஆதரித்து லீ குவான் இயூ வானொலியில் 12 உரைகள் ஆற்றினார். ஒவ்வோர் உரையையும் ஆங்கிலம், மலாய், சீனம் என மூன்று மொழிகளில் அவரே பேசினார். ஆக, ஒரு மாதத்திற்குள் 36 உரைகள். தொண்டை என்ன பாடுபட்டிருக்கும் என்று ஒலிவாங்கி முன் நிற்பவர்களுக்குத் தெரியும்.

தொலைக்காட்சி வந்தது 1963இல். சிங்கப்பூரில் முதல் ஒளிபரப்பு பிப்ரவரி 15ஆம் தேதி, விக்டோரியா நினைவு மண்டபத்தில். நகரம் வீழ்ந்து சரியாக 21 ஆண்டுகள். தொடக்கி வைத்தவர் கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிரம்பானில் வளர்ந்தவர். அவருடைய தந்தை ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளர். அமைச்சராவதற்கு முன், 1957இல், ரேடியோ மலாயாவுக்கு ஆங்கிலத்தில் தொடர் நாடகம் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி, ஜாலான் அம்பாங்கில் உள்ள டேவான் துங்கு அப்துல் ரஹ்மானில் பிரதமர் துங்கு தொலைக்காட்சியைத் தொடக்கி வைத்தார். இந்தோனேசியாவுடன் மோதல் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த மண்டபம்தான் தொடக்க கால ஒளிபரப்பு நிலையமும்கூட. 1960களின் இறுதியில் அங்காசாபுரி எழும்வரை தொலைக்காட்சி அங்கேதான் குடியிருந்தது. வண்ணம் வந்தது 1978 டிசம்பரில். இவையெல்லாம் பலருக்கும் தெரிந்த செய்திகள் என்பதால் வேகமாகத் தாண்டிச் செல்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த மண்டபத்தில் தாத்தா கேட்ட குரல்களை நான் கேட்க ஆசைப்பட்டேன். ஒரு நிகழ்ச்சி தயாரிப்பதற்காகத் தேடியும் பார்த்தேன். கிடைத்தது மிகக் கொஞ்சம். அக்காலத்தில் பெரும்பகுதி நேரலைதான், பேசியதும் காற்றோடு போய்விடும். பதிவு செய்தாலும் நாடா விலை அதிகம் என்பதால் அதே நாடாவில் அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்வார்கள். இது நம் ஊர்க் குறை மட்டுமில்லை. பிபிசி 1960களின் எத்தனையோ தொடர்களை அழித்திருக்கிறது. மனிதன் நிலவில் இறங்கிய 1969ஆம் ஆண்டின் மூலப் பதிவு நாடாக்களையே அழித்துத் திரும்பப் பயன்படுத்திவிட்டதாக நாசா 2009இல் ஒப்புக்கொண்டது. நான் முதன்முதலில் தொகுத்து வழங்கிய நிகழ்ச்சியின் பதிவே இன்று இல்லை. அந்த நிலையத்தில் கேட்டபோது, "வட்டில் இடமில்லைன்னு அழிச்சிட்டோம்" என்றார்கள். இது நாடாக் காலத்துக் கதை இல்லை, கணினிக் காலத்தில் நடந்தது.

தேடிப் போனபோது மூத்த அறிவிப்பாளர் ஒருவரின் வீட்டுக்கும் சென்றேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. "ஐயா, உங்கள் பழைய பதிவு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டதற்குச் சிரித்தார். "பதிவா? பேசினோம், போயிடுச்சும்மா. அவ்வளவுதான்." பேசிவிட்டு விடைபெற எழுந்தபோது அவர் மனைவி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்தார். உள்ளே ஒரு சுருள் நாடா. மேலே பென்சிலில் ஒரு தேதி, பாதி அழிந்திருந்தது. ஐயாவுக்கே அதில் என்ன இருக்கிறது என்று ஞாபகமில்லை.

உடனே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று துடித்தேன். நல்லவேளை, எங்கள் ஒலிப்பதிவாளர் தடுத்தார். நம் தட்பவெப்பத்தில் நாடா பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்குமாம். அவசரப்பட்டு ஓட்டினால் மேல்பூச்சு உரிந்து, இருக்கிற குரலும் போய்விடும் என்றார். உங்கள் வீட்டு அலமாரியில் இப்படி ஏதாவது இருந்தால் நீங்களும் ஓட்டிப் பார்க்காதீர்கள். வெயிலில் காயவைக்காதீர்கள். ஈரம் படாத, குளிர்ந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். தேதி, நிலையம், பேசியவர் பெயர் எது தெரிந்தாலும் ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். தாத்தா பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

அந்த பிஸ்கட் டின் இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. நாடாவைச் சுத்தம் செய்து தரக்கூடியவர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டோம். கால் அங்குல நாடாவை ஓட்டும் நல்ல இயந்திரம்தான் இன்னும் கிடைக்கவில்லை. நேயர்களில் யாரிடமாவது வேலை செய்யும் நிலையில் ஒன்று இருந்தால் நிலையத்திற்குத் தெரியப்படுத்துங்கள். ஐயா காத்திருக்கிறார்.