வண்டியூரும் வந்து போகும் உறவுகளும்

இன்று நாம் போகப்போவது வண்டியூர். மதுரை நகரின் கிழக்கே, வைகையின் வடகரையில் இருக்கிற ஊர். ஆனால் பயணத்தைத் தென்கரையில் தொடங்குவோம். அங்கேதான் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் இருக்கிறது. 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். ஏறக்குறைய ஆயிரம் அடி நீளம், அதற்குச் சற்றே குறைந்த அகலம். அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் பிறகு குளமானது என்று மதுரைக்காரர்கள் சொல்வார்கள். அப்படி மண் எடுத்தபோது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கிற முக்குறுணி விநாயகர் என்பதும் அவர்கள் வாக்கு. தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பமேறி, நடுவில் இருக்கிற மைய மண்டபத்தைச் சுற்றி வருவார்கள். கரையில் நிற்கிற சனங்கள் வடம் பிடித்து இழுக்கத் தெப்பம் நகரும்.

ஆற்றைக் கடந்து வடகரைக்கு வந்தால் வண்டியூர். ஊரை ஒட்டி வண்டியூர்க் கண்மாய். ஒரு காலத்தில் வயலுக்கு நீர் கொடுத்த கண்மாய்; இன்று நகரம் அதை நாலாபுறமும் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. விடிகாலையில் கரையில் நடக்க வருகிறவர்கள் ஒரு பக்கம், நீர்க்காக்கைகளும் கொக்குகளும் ஒரு பக்கம். மீன்கொடி பறந்த பாண்டிய நாடு இது; கடல் இங்கிருந்து வெகு தூரம். ஆனாலும் இந்தச் சமவெளி முழுக்க மீன் உண்டு, மீனைச் சுற்றி உறவும் உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் இங்கே குடியிருக்கிற குடும்பங்களுக்கும் இடையில் வளர்கிற அந்த உறவைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

வண்டியூருக்கு ஆண்டுதோறும் வருகிற விருந்தாளி ஒருவர் உண்டு. கள்ளழகர். சித்திரைத் திருவிழாவில் அழகர்மலையிலிருந்து கள்ளர் வேடத்தில் கிளம்பி, சுமார் இருபது கிலோமீட்டர் பாதை நெடுக மண்டகப்படிகளில் நின்று நின்று வருவார். மூன்றுமாவடியில் எதிர்சேவை. தல்லாகுளத்தில் ஆண்டாள் மாலை. சித்ரா பௌர்ணமியன்று விடியலில் தங்கக்குதிரையில் வைகையில் இறங்குவார். இவ்வளவையும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகு அழகர் எங்கே போகிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ராமராயர் மண்டபத்தில் தீர்த்தவாரி முடித்து, அன்று இரவு அவர் வந்து தங்குவது வண்டியூரில், வீரராகவப் பெருமாள் கோயிலில். ஊர்ச்சனங்கள் அதை வேறுவிதமாகவும் சொல்வார்கள். அழகர் துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்பார்கள். வேற்று மதத்துப் பெண்ணின் வீட்டில் சாமி ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருகிறார் என்று சொல்ல இந்த ஊருக்கு எந்தத் தயக்கமும் இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

மறுநாள் அதே வண்டியூர் வைகையில், தேனூர் மண்டபத்தில், கருட வாகனத்தில் எழுந்தருளி மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுப்பார். தவளையாகச் சாபம் பெற்ற முனிவர் அவர். தேனூர் இருப்பதோ சோழவந்தான் பக்கம், மதுரைக்கு மேற்கே. கிழக்கே இருக்கிற வண்டியூரில் தேனூருக்கு ஏன் ஒரு மண்டபம்? முன்பு அழகர் ஆற்றில் இறங்கியது தேனூரில்தான் என்றும், திருமலை நாயக்கர் காலத்தில் விழா மதுரைக்கு மாறியது என்றும் சொல்வார்கள். விழா இடம் மாறியது. தேனூர்க்காரர்களின் உரிமை மாறவில்லை. ஊர் விட்டு ஊர் வந்து, வண்டியூர் ஆற்று மணலில் தங்கள் பெயரில் ஒரு மண்டபமும் மரியாதையும் அவர்களுக்கு இருக்கிறது. வருகிறவர்களுக்கு இடம் ஒதுக்கி வைப்பது இந்த ஊருக்குப் பழகிய காரியம்.

அழகரோடு சனமும் வரும். அருப்புக்கோட்டை, மானாமதுரை, பரமக்குடிப் பக்கத்திலிருந்து கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து, ஆற்று மணலில் வண்டியை அவிழ்த்துவிட்டுத் தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேனில் வருகிறார்கள். சர்க்கரைக் கிண்ணம் ஏந்துகிறவர்கள், தோப்பரையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், முடி இறக்க வருகிறவர்கள் என்று கூட்டம் பல வகை. வழியெங்கும் பானகம், நீர்மோர், புளியோதரை. கொடுக்கிறவர் யாரிடமும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. ஆனால் வருகிறவர்கள் வருசா வருசம் ஒரே தெருவுக்கு வருவார்கள். ஒரே வீட்டுத் திண்ணையில் மூட்டையை இறக்குவார்கள். "போன வருசம் ஏன் வரலை?" என்று அந்த வீட்டுப் பெரியவர் கேட்டாரானால், அவர்கள் உறவுக்காரர்களாகி வெகுநாள் ஆகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி மீனுக்கு வருவோம். மதுரையைச் சுற்றிய சமவெளியில் ஒரு கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாக மறுகால் பாயும். அந்த நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். அங்கிருந்து அதற்கடுத்த கண்மாய். நீரோடு மீனும் ஏறி வரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வந்து சேர்ந்த கெளுத்தி, விரால், குரவை, கெண்டை, அயிரை எல்லாம் நாலைந்து மாதம் வளரும். மடை வழியாகப் பாசனத்துக்குத் தண்ணீர் போகப் போக, கோடையில் கண்மாய் வற்றி, இடுப்பளவு, பிறகு முழங்காலளவு ஆகும். பல கண்மாய்களில் மீன்பாசி ஏலம் விடுகிறார்கள். குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டு வளர்த்து, பிடித்து விற்பார். ஆனால் மேலூர், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி வட்டாரங்களில் சில ஊர்கள் தங்கள் கண்மாய் மீனை ஒரு நாள் எல்லாருக்கும் திறந்துவிடுகின்றன. கண்மாய் அழிகிறது என்று சொல்லி அனுப்பினால் போதும். செய்தி ஊர் ஊராகப் பரவிவிடும்.

முதல் நாள் இரவே ஆட்கள் வந்து சேருவார்கள். மதுரை, சிவகங்கை, திண்டுக்கல், புதுக்கோட்டை, திருச்சி மாவட்டங்களிலிருந்து பைக்கிலும் சரக்கு ஆட்டோவிலும் வருவார்கள். தோளில் ஊத்தா, கையில் கச்சா வலை. ஊத்தாவை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். மூங்கில் குச்சிகளை வரிசையாக நிறுத்திக் கட்டிய கூடு. அடியில் அகலம், மேலே வாய் குறுகல். இரண்டு பக்கமும் திறப்பு. கலங்கிய நீரில் அதைக் குத்தி நிறுத்துவார்கள். உள்ளே மீன் மாட்டினால் குச்சியில் தட்டும். உள்ளங்கையில் அந்தத் தட்டல் தெரிந்ததும் மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவிப் பிடிப்பார்கள். கெளுத்தியாக இருந்தால் முள் ஏறிவிடும். முள் தைத்த இடம் சாயங்காலம் வரைக்கும் கடுக்கும். விரால் என்றால் வழுக்கிக்கொண்டு ஓடும். செவுளுக்குக் கீழே விரலைக் கொடுத்துப் பிடிக்கிறவர் கெட்டிக்காரர்.

விடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுக் கரையில் ஏறி நின்று வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அதுவரை ஒருவர் கால்கூடத் தண்ணீரில் படாது. வீசியதும் நாலு பக்கக் கரையிலிருந்தும் கூட்டம் மொத்தமாக இறங்கும். உள்ளூர்க்காரர் யார், வெளியூர்க்காரர் யார் என்று சேற்றில் அடையாளம் தெரியாது. ஊத்தா இல்லாதவர் கூடையாலும் பழைய சேலையாலும் அரிப்பார். நன்றாகப் பிடித்தவர், ஒன்றும் மாட்டாமல் நிற்கிற சிறுவன் பையில் இரண்டு கெண்டையைப் போட்டுவிட்டுப் போவார். பிடித்த மீனை விற்பதில்லை என்பது வழக்கம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும், சொந்தபந்தத்துக்குக் கொடுக்க வேண்டும். இப்படி எல்லாரும் வந்து பிடித்துப் போனால்தான் அடுத்த ஆண்டு மழை பெய்து விளைச்சல் செழிக்கும் என்பது ஊராரின் நம்பிக்கை. தாங்கள் கட்டிக் காத்த நீரில், முன்பின் தெரியாதவர்கள் தங்களுக்குச் சமமாக இறங்கட்டும் என்று ஓர் ஊரே கூடி முடிவு செய்வது எவ்வளவு பெரிய மனம்!

நட்பு தொடங்குவது அதற்குப் பிறகு. உடம்பெல்லாம் சேறு. கழுவத் தண்ணீர் வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும். கரைக்குப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். அப்படி ஒரு வாசலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த தகப்பனும் மகனும் நின்றார்கள். அந்த வீட்டு அம்மா, "அடுப்படியில குடத்துல தண்ணி இருக்குய்யா, எடுத்துக்க. மீனை இப்படிக் கொடு, உனக்கு ஆயத் தெரியாது" என்று கூடையை வாங்கிக்கொண்டார். கெளுத்தியைச் சாம்பல் போட்டுக் கல்லில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பைப் போக்கினார். துள்ளுகிற அயிரையைத் தனியாக மண்சட்டியில் போட்டு, கல்லுப்பைத் தூவி மூடிவைத்தார். வயிற்று மண்ணைக் கக்கட்டும் என்றார். பிறகு சட்டியோடு உரசிக் கழுவி, சின்ன வெங்காயம், புளி, ஒரு துண்டு மாங்காய், இறக்கும்போது நல்லெண்ணெய். குழம்பு கொதித்து முடிவதற்குள் பையன் படிப்பது எத்தனையாவது வகுப்பு, ஊரில் கிணறு எத்தனை அடி, தங்கச்சிக்கு எங்கே மாப்பிள்ளை பார்த்திருக்கிறது என்பதெல்லாம் பேசியாகிவிட்டது. கிளம்பும்போது தகப்பன் அந்த அம்மாவை அக்கா என்று கூப்பிட்டார். அடுத்த வருசம் வரும்போது உங்க ஊர்ப் பக்கம் சிறுமலை வாழைப்பழம் கொண்டா தம்பி என்று அவர் உரிமையோடு சொன்னார். கேட்டு வாங்குகிற அளவுக்கு வந்துவிட்டது உறவு!

வந்தவரை உறவாக்கிக்கொள்கிற இந்த வழக்கம் கண்மாய்க் கரையோடு நிற்பதில்லை. வைகை ஓடி முடிகிற இராமநாதபுரம் சீமையில், கடலோரத்திலும் இதைக் காணலாம். மதுரையிலிருந்து ரயில் ஏறினால் பாம்பன் பாலம் கடந்து இராமேசுவரம். மீன்பிடித் தொழிலும் யாத்திரையும் சேர்ந்தே நடக்கிற தீவு. அப்துல் கலாம் அவர்கள் "அக்னிச் சிறகுகள்" நூலில் தம் வீட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவருடைய தந்தை ஜைனுலாப்தீன் மரப்படகு ஒன்றைக் கட்டி, யாத்ரீகர்களை இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஏற்றிச் சென்றவர். தாய் ஆஷியம்மா நாள்தோறும் எத்தனை பேருக்குச் சோறு போட்டார் என்று கணக்கில்லை. அந்த வீட்டில் வீட்டாரைவிட வெளியார்தான் அதிகம் சாப்பிட்டார்கள். கோயில் தலைமைக் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரிகள் ஜைனுலாப்தீனின் நெருங்கிய நண்பர். சீதா ராமர் கல்யாண உற்சவத்தில் சுவாமியை ராமர் தீர்த்தத்தின் நடுவுக்குக் கொண்டுபோகப் படகு ஏற்பாடு செய்ததும் இந்தக் குடும்பம்தான். வண்டியூரில் அழகர் துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போகிறார் என்று நம்புகிற நாட்டில் இதில் வியப்பு என்ன இருக்கிறது?

வந்தவருக்கும் இருந்தவருக்கும் இடையில் நட்பை வளர்ப்பது மறுபடி வருவதுதான் என்பது, இந்த ஊர்களைப் பார்க்கப் பார்க்க என் மனதில் உறுதியாகிறது. முதல் தடவை கிடைப்பது உபசாரம். அதை இந்த நாட்டில் யாருக்கும் செய்வார்கள். இரண்டாம் தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதன் பிறகு கல்யாணப் பத்திரிகை வரும், சாவுச் செய்தியும் வரும். இரண்டுக்கும் போய் நிற்க வேண்டும். அழகருக்கு வண்டியூரில் இவ்வளவு உரிமை இருப்பதும் அவர் மறுபடி மறுபடி வருகிறார் என்பதால்தானே?

இந்த உறவுக்கெல்லாம் அடியில் இருப்பது தண்ணீர். மழை பொய்த்த ஆண்டில் கண்மாய் அழிவதில்லை, ஆட்களும் வருவதில்லை. அதைவிடக் கவலை தருவது வரத்துக்கால்கள் அடைபடுவது. கால்வாயை மேடாக்கி வீடு கட்டினால் கீழே இருக்கிற கண்மாய்க்கு நீர் போகாது. நகரத்தை ஒட்டிய கண்மாய்களில் சாக்கடை கலக்கிறது. கண்மாய் போனால் மீன் போகும், மீனோடு அந்த வாசல் பேச்சும் போகும். தெப்பக்குளம் பல காலம் வறண்டு கிடந்து, பிள்ளைகள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடியதைப் பார்த்தவர்கள் நாம். கால்வாயைச் சீர்செய்து வைகை நீரைக் கொண்டுவந்த பிறகு குளம் நிறைந்தது. மாலையானால் சனம் படியில் வந்து உட்காருகிறது. மனம் வைத்தால் மற்ற நீர்நிலைகளுக்கும் இது நடக்கும்.

நேயர்களே, நீங்களும் போய் வாருங்கள். தெப்பம் பார்க்கத் தைப்பூசம், அழகரைப் பார்க்கச் சித்திரை, கண்மாய் மீன்பிடிக்கு மாசி தொடங்கி வைகாசி, ஆனி வரை. ஊர்க் கட்டுப்பாட்டை மதியுங்கள்; வெள்ளை வீசும் முன் நீரில் இறங்காதீர்கள். பிடித்த மீனில் சோறு போட்ட வீட்டுக்கு ஒரு பங்கு வையுங்கள். பணம் நீட்டினால் வருத்தப்படுவார்கள்; பிள்ளைகளுக்குப் பழம் வாங்கிப் போங்கள். கிளம்பும்போது, அடுத்த வருசம் கண்மாய் எப்போது இறங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டபடி போய்ச் சேருங்கள்.