விரதமும் உடன்படிக்கையும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி இளம்பிள்ளையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இரவில் உண்ணாதவர் எல்லாரும் இரவுண்ணாமை விரதம் பூண்டவர் ஆகார். பசியின்மையால் உண்ணாதவர் உளர். உணவு கிடையாமையால் உண்ணாதவரும் உளர். குருவின் முன்னிலையில் "இனி உண்ணேன்" என்று உறுதி ஏற்றவரே விரதி. இளம்பிள்ளையின் சேலை வணிகர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. அச்சாரம் கைமாறாத பேச்சு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை அவர்கள் நன்கு அறிவர். நாடுகள் ஏற்கும் ஆயுத உடன்படிக்கைகளையும் இக்கண்கொண்டு காணுதல் தகும்.

ஜைன நூல்கள் ஹிம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காகப் பகுக்கின்றன. கருதிச் செய்யும் சங்கல்ப ஹிம்சையை இல்லறத்தார் அறவே விடவேண்டும். தற்காப்பின் பொருட்டு நேரும் விரோதி ஹிம்சையோ அவர்க்குப் பொறுக்கப்படுகிறது. ஆதலின் எல்லையைக் காக்கும் வீரரை ஜைன அறம் பழிப்பதில்லை. ஆனால், விரோதி ஹிம்சை எனில் விரோதி ஒருவன் எதிரே இருக்கவேண்டும் அன்றோ? மண்ணுள் புதைத்த கண்ணிவெடி, மிதிப்பவன் பகைவனா, விறகு பொறுக்க வந்த சிறுமியா என்று பார்ப்பதில்லை. போர் முடிந்த செய்தியும் அதற்கு எட்டுவதில்லை.

இந்த ஆயுதத்தை விலக்கும் ஒட்டாவா உடன்படிக்கை 1997 டிசம்பர் 3 அன்று கையொப்பத்திற்கு வைக்கப்பட்டு, 1999 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மனிதரைத் தாக்கும் கண்ணிவெடியைப் பயன்படுத்துதல், செய்தல், சேமித்தல், பிறர்க்குக் கொடுத்தல் ஆகிய அனைத்தையும் அது தடுக்கிறது. அம்மட்டோடு நில்லாமல், இவற்றைச் செய்யப் பிறர்க்குத் துணைபோவதும், ஊக்குவிப்பதும், தூண்டுவதும் கூடாது என்று முதல் விதியிலேயே கூறுகிறது. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படல் என்னும் மூவகையையும் ஒருங்கே விலக்கும் நம் மரபினர்க்கு இவ்விதி அயலாகத் தோன்றாது. கொலைக்கருவியைப் பிறர்க்குக் கொடுப்பதை ஹிம்சாதானம் என்று பெயரிட்டு, பயனில் குற்றங்களுள் ஒன்றாகச் சாவக ஒழுக்க நூல்கள் வைத்திருப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அண்டை நாடான இலங்கை இவ்விரதத்தை ஏற்றது காலம் தாழ்த்தித்தான். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. உடன்படிக்கையில் சேர்ந்தது 2017 டிசம்பர் 13 அன்று. கொத்துக் குண்டுகளைத் தடைசெய்யும் உடன்படிக்கையில் 2018 மார்ச் 1 அன்று இணைந்தது. சேர்ந்ததனால் விளைந்தது யாது? வடக்கே ஈழத்தமிழர் "மிதிவெடி" என்று அழைக்கும் அக்கருவியை அரசுப்படையும் புதைத்தது, விடுதலைப் புலிகளும் புதைத்தனர். யார் புதைத்ததாயினும், தன் ஆட்சிக்குட்பட்ட நிலத்திலுள்ள அனைத்தையும் அகற்றுவது இப்போது அரசின் கடமை. அதற்குக் கெடு 2028 ஜூன் 1. வடக்கிலும் தெற்கிலும் முன்னணிக் காவலரண்கள் எதிரெதிர் நின்ற முகமாலையில், வெயிலில் மண்டியிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டிப் பார்க்கும் பணியாளருள் தமிழ்ப் பெண்கள் பலர். போரில் கணவரை இழந்தவர்களும் அவர்களுள் உளர். உடன்படிக்கைக்கு முன்பே அவ்வேலை நடந்து வந்தது உண்மையே. ஆயின் கெடுவும், உலக அவைக்கு விடை கூறும் பொறுப்பும் உறுதி ஏற்றபின் வந்தவை.

பாரதத்தின் நிலை வேறு. மரபுவழிப் போர்க்கருவிகளைக் கட்டுப்படுத்தும் 1980-ஆம் ஆண்டு உடன்படிக்கையை அது 1984-இல் ஏற்றது. அதன் திருத்திய இரண்டாம் நெறிமுறையை 1999 செப்டம்பர் 2 அன்று ஏற்றது. கருவியால் கண்டறிய இயலாத கண்ணிவெடி கூடாது, எட்டு கிராம் இரும்பு தரும் அளவு சைகையாவது அதிலிருந்து வரவேண்டும் என்பது அந்நெறிமுறை. கண்ணிவெடி ஏற்றுமதியையும் நம் நாடு தானாகவே நிறுத்தி வைத்துள்ளது. இவை சிறியன அல்ல. இவற்றை அணுவிரதம் எனலாம். ஒட்டாவாவை மட்டும் ஏற்கவில்லை. நீண்ட நில எல்லையைக் காக்க மாற்றுக் கருவி கிடைக்கும்வரை இயலாது என்பது அரசு கூறும் காரணம்.

இக்காரணத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் 2001 டிசம்பரில் தொடங்கிய பராக்கிரம் நடவடிக்கையை மறத்தலும் ஆகாது. பஞ்சாப் முதல் இராஜஸ்தான் வரை எல்லையோர வயல்களில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. போர் மூளவில்லை. பகைவன் ஒருவனும் வரவில்லை. உழவரும், அவர்தம் கால்நடைகளும், வெடிகளை அகற்றச் சென்ற வீரர்களுமே மாண்டனர், உறுப்பிழந்தனர். இவ்வட்டாரத்தில் வணிகம் செய்யும் மார்வாடிக் குடும்பங்களின் முன்னோர் வாழ்ந்த மாநிலம் அது.

விரதம் ஏற்றோரும் வழுவுவர். எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகள் ரஷ்யாவிடம் கொண்ட அச்சத்தால் ஒட்டாவாவிலிருந்து விலகுவதாக 2025-இல் அறிவித்தன. அவ்வுடன்படிக்கையை எழுதியோர் இதனை முன்னரே எண்ணியிருந்தனர். விலகல் அறிவித்தபின் ஆறு திங்கள் கழியவேண்டும். அவ்வேளை அந்நாடு போரில் ஈடுபட்டிருந்தால், போர் முடியும்வரை விலகல் செல்லாது. பசி வந்தபோது விரதத்தை விட இடந்தராத விதி இது.

160-க்கும் மேற்பட்ட நாடுகள் இன்று அதில் உறுப்பினர். பாரதம் அவற்றின் கூட்டங்களில் பார்வையாளராகக் கலந்துகொண்டுள்ளது. முனிவரின் வியாக்கியானத்தை முழுதும் கேட்டு, பச்சக்காணம் கொள்ளும் நேரத்தில் மட்டும் கைகூப்பாமல் அமர்ந்திருக்கும் சாவகரை நாம் கண்டதுண்டு. அவரை யாரும் அவையிலிருந்து எழுப்பி விடுவதில்லை. அடுத்த நாளும் இடம் வைத்திருக்கிறோம்.