கரிகாலனைக் கொன்றது யார் என்று மட்டும் கேட்டால் போதுமா?

(‘பொன்னியின் செல்வன்’ நாவல் குறித்து மயிலாடும்பாறையில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில், வாசகர்கள் கருத்துச் சொன்ன பிறகு ஆற்றிய நிறைவுரையின் எழுத்து வடிவம்)

 

காலையிலிருந்து பதினைந்து பேருக்கு மேல் பேசிவிட்டீர்கள். வருசநாட்டிலிருந்தும் கடமலைக்குண்டிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். ஐந்து பாகம் கொண்ட ஒரு நாவலைப் படித்து முடித்து, ஆளுக்கொரு கட்சி கட்டிச் சண்டை போட்டீர்கள். அதுவே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

நீங்கள் சொன்னவற்றைக் குறித்து வைத்திருக்கிறேன். மொத்தத்தில் நான்கு வகைக் கருத்துகள் வந்தன. முதலாவது: “கதை கீழே வைக்க விடவில்லை, ஆனால் கடைசிவரை கொலையாளி யார் என்று உறுதியாகச் சொல்லாமல் ஏமாற்றிவிட்டார்.” இரண்டாவது: “கொன்றவர்கள் பார்ப்பனர்கள் என்று கல்வெட்டே இருக்கிறது. கல்கி மறைத்துவிட்டார். இதை நாம் படிக்கவே கூடாது.” மூன்றாவது: “இராசராசன் எங்கள் ஆள், சோழர் காலம் தமிழனின் பொற்காலம்.” நான்காவது: “வெறும் கதைதானே, இதில் ஏன் சாதியைத் தேடுகிறீர்கள்?”

நான்குக்கும் என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அட்டையில் வரலாற்று நாவல் என்று இருந்தாலும், இது பெருமளவு கற்பனைக் கதை. நந்தினி, ஆழ்வார்க்கடியான், பூங்குழலி, மணிமேகலை எல்லாம் கல்கி படைத்தவர்கள். 1950 அக்டோபரில் ‘கல்கி’ வார இதழில் தொடங்கி 1954 வரை தொடராக வந்தது. வாரா வாரம் காத்திருந்து, மணியம் படத்தோடு பக்கங்களைக் கிழித்து, பைண்டு செய்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். தொடர் முடிந்ததும் வாசகர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டிருக்கிறார்கள். கதையை இப்படிச் சட்டென்று முடிக்கலாமா, இன்னார் என்ன ஆனார் என்றெல்லாம். அவர்களுக்குப் பதிலாகவே கல்கி ஒரு முடிவுரை எழுத வேண்டி வந்தது. ஆகவே காலையில் இங்கே முதல் வகைக் கருத்தைச் சொன்ன தங்கை எழுபது வருடப் பழைய வரிசையில்தான் நிற்கிறார்.

நாவலில் ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் சாகிறான். விளக்கு அணைகிறது. நந்தினி இருக்கிறாள், வந்தியத்தேவன் ஒளிந்திருக்கிறான், பெரிய பழுவேட்டரையர் வருகிறார், ரவிதாசன் கூட்டம் சுரங்கப் பாதையில் காத்திருக்கிறது. பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. நான்தான் கொன்றேன் என்று பிறகு ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் முன்வருகிறார்கள். துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

இனி கல்வெட்டுக்கு வருவோம். நாவல் தொடங்கும் இடம் வீரநாராயண ஏரிக்கரை, அதாவது இன்றைய வீராணம். அதே ஏரியை ஒட்டிய காட்டுமன்னார்கோவிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோவிலில்தான் அந்தக் கல்வெட்டு இருக்கிறது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், அவன் தம்பி ரவிதாசன், அவன் தம்பி பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்கிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரம்மாதிராசன் என்றும், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரம்மாதிராசன் என்றும் பட்டங்கள். பிரம்மாதிராசன் என்பது பார்ப்பன உயர் அதிகாரிகளுக்கு அரசு கொடுத்த பட்டம். அவர்களுடையதும் அவர்களின் உறவினருடையதுமான சொத்துகளைப் பறிக்க அரசன் ஆணையிட்டதை அந்தக் கல்வெட்டு பேசுகிறது.

இதே பெயரை நாவலில் தேடிப் பாருங்கள். மந்திரவாதி ரவிதாசன்! காட்டில் ஒளிகிறான், ஆந்தைபோலக் கத்துகிறான், மண்டை ஓடும் நெருப்புமாகத் திரிகிறான். ஊரில் நிலமும் அரசில் பதவியும் பட்டமும் வைத்திருந்த ஒருவன், கதைக்குள் வரும்போது காட்டு மந்திரவாதியாக மாறிவிடுகிறான். கொலைக்கதையில் சந்தேகத்துக்குரியவன் எப்படி இருப்பான் என்று நம் மனதில் ஒரு படம் இருக்கிறது. கறுத்தவன், காட்டுக்காரன், இரவில் நடமாடுபவன். பட்டம் வாங்கிய அதிகாரி அந்தப் படத்தில் பொருந்துவதில்லை. இது கல்கி என்ற ஒரு மனிதரின் சூழ்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன். நம் எல்லோருடைய கண்ணையும் சாதிச் சமூகம் அப்படிப் பழக்கியிருக்கிறது. இன்றும் திருட்டு நடந்தால் போலீஸ் ஜீப் முதலில் எந்தத் தெருவுக்கு வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே இரண்டாவது கருத்தைச் சொன்ன தம்பி சுட்டிக்காட்டிய கல்வெட்டு உண்மை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் நாமும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம்.

கொலை நடந்தது ஏறத்தாழ 969இல். இராசராசன் பட்டத்துக்கு வந்தது 985இல். இடையில் ஆண்டவர் உத்தம சோழர். அதனால்தான் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழர் மீதே சந்தேகப்பட்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். குடவாயில் பாலசுப்ரமணியன், இந்தக் கல்வெட்டின் நோக்கம் தண்டனையைப் பதிவு செய்வதல்ல, ஒரு நிலக்கொடையைப் பதிவு செய்வது என்று எடுத்துக்காட்டினார். பறித்த நிலத்தை ஒருவர் ஊர்ச் சபையிடம் விலைக்கு வாங்கிக் கோவில் அறத்துக்குக் கொடுக்கிறார். அந்த அறத்தில் பிராமணர்களுக்குச் சோறிடுவதும் ஒன்று.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். நிலம் பார்ப்பன அதிகாரிகளின் கையிலிருந்து போகிறது. பார்ப்பனச் சபையின் வழியாகப் போகிறது. பார்ப்பனர் சாப்பாட்டுக்கே திரும்பி வருகிறது. அந்த நிலத்தை உழுதவர்கள், நாற்று நட்டவர்கள், ஏரியைத் தோண்டியவர்கள் யார்? கொலைக்கு முன்பும் அவர்கள் அங்கேதான் குனிந்து நின்றார்கள், பின்பும் அங்கேதான். இளவரசன் செத்ததால் அவர்கள் வாழ்க்கையில் ஒரு மாற்றமும் இல்லை.

“பார்ப்பனர் கொன்றார்கள், மன்னன் பழிவாங்கினான்” என்று மட்டும் நாம் சொன்னால் என்ன ஆகிறது? மன்னனை நம் பக்கத்து ஆளாக ஆக்கிவிடுகிறோம். இது மூன்றாவது கருத்துக்குத்தான் கொண்டுபோய்விடும். 1010இல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டுகளில், கோவிலுக்கு விட்ட ஊர்களில் வரி நீக்கிய இடங்களின் பட்டியல் வருகிறது. அதில் பறைச்சேரி இருக்கிறது, தீண்டாச்சேரி இருக்கிறது, பறையர்களுக்கெனத் தனிச் சுடுகாடு இருக்கிறது. அந்தச் சொற்களை நாம் சேர்க்கவில்லை. அரசனின் ஆணையில், அரசனின் கோவிலில் வெட்டியவை அவை. 2019இல் இயக்குநர் பா. இரஞ்சித் திருப்பனந்தாளில் இராசராசன் ஆட்சியைப் பற்றிப் பேசியதற்காக அவர் மேல் வழக்கு வந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு செத்த ஓர் அரசனைப் பற்றி மேடையில் பேசியதற்கு வழக்கு! சதய விழா வந்தால் எத்தனை சாதிச் சங்கங்கள் ‘எங்கள் குலத் தோன்றல்’ என்று சுவரொட்டி ஒட்டுகின்றன? எல்லோருக்கும் மன்னன் வேண்டும். தீண்டாச்சேரியில் இருந்தவர்களுக்கு வாரிசு என்று சுவரொட்டி ஒட்ட ஆளில்லை.

நம் கம்பம் பள்ளத்தாக்கிலேயே பாருங்கள். பென்னிகுயிக் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிற மக்கள் நாம். அந்த நன்றி நியாயமானது. ஆனால் 1895இல் தண்ணீர் திறந்த முல்லைப் பெரியாறு அணைக்காகக் காட்டில் காய்ச்சலில் செத்த கூலிகளில் ஒருவர் பெயரை இங்கே யாராவது சொல்ல முடியுமா?

இனி நான்காவது கருத்து. வெறும் கதைதானே, இதில் ஏன் சாதி என்று கேட்டீர்கள். கதையையே எடுத்துக்கொள்வோம், கல்வெட்டை விட்டுவிடுவோம்.

கரிகாலனும் நந்தினியும் சிறுவயதிலேயே ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். அவள் அரச குலத்தவள் அல்ல. அரண்மனைப் பெரியவர்கள் பிரித்து அனுப்பிவிடுகிறார்கள். பிறகு அவள் உயிர்ப்பிச்சை கேட்டும் கேளாமல், அவள் கண்முன்னே வீரபாண்டியனின் தலையைக் கரிகாலன் வெட்டுகிறான். அங்கிருந்துதான் பழி வளர்ந்து கடம்பூர் மாளிகைக்கு வருகிறது. ஆக, இந்தக் கொலையின் வேரில் இருப்பது பிறப்பைக் காட்டித் தடுத்த ஒரு காதல். கத்தியை வீசியது யார் என்று ஐந்து பாகம் தேடுகிறோம். பிரித்தது எது என்பது ஆரம்பத்திலிருந்தே நம் கண்முன் இருக்கிறது.

இன்னொன்று. படகோட்டிக் குடும்பத்துப் பெண்கள் இருவர் வருகிறார்கள். மந்தாகினியும், சேந்தன் அமுதனை வளர்த்த வாணியும். அக்காள் தங்கைகள். இருவருக்கும் காது கேட்காது, வாய் பேசாது. சோழ அரண்மனையின் பெரிய இரகசியங்கள் இந்த இருவருக்கும் தெரியும். சொல்லத்தான் முடியாது. மந்தாகினி அரசனைக் காப்பாற்றித் தன் உயிரை விடுகிறாள். பூக்கட்டி விற்கிற சேந்தன் அமுதன் கடைசியில் அரியணை ஏறுகிறான். எப்படி? அவன் உண்மையில் அரச குலத்துப் பிள்ளை என்று தெரிந்த பிறகு! பூக்காரன் பூக்காரனாகவே அரியணை ஏற இந்தக் கதையில் இடமில்லை. சாதியைத் தேடிப் போய் நாம் கதைக்குள் திணிக்கவில்லை தோழர்களே. கதையின் முடிச்சே அதில்தான் போட்டிருக்கிறது.

அப்படியானால் இதைப் படிக்கக் கூடாதா? படிக்க வேண்டும் என்பது என் கருத்து. பூங்குழலி தனியாகப் படகு வலிக்கிற பக்கங்களை நம் பெண்பிள்ளைகள் ஏன் இழக்க வேண்டும்? ஒரு நூலை நாம் படிக்காமல் ஒதுக்கினால் அதைப் பற்றிப் பேசும் உரிமையை மற்றவர்களிடம் கொடுத்துவிடுகிறோம். 2022இலும் 2023இலும் படம் இரண்டு பாகமாக வந்தபோது சோழப் பெருமை பேசியவர்களில் எத்தனை பேர் நாவலைப் படித்திருந்தார்கள்? நீங்கள் படித்திருக்கிறீர்கள். கல்வெட்டையும் தெரிந்து வைத்திருக்கிறீர்கள். அதுதான் பலம்.

ஆனால் இந்த நாவல் நமக்குக் கொடுத்த துப்பறியும் பழக்கத்தை எங்கே செலவு செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

அதே சோழ நாட்டில், அதே காவிரிப் பாசனத்தில், கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் 44 பேரை வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். அங்கே மர்மம் ஏதாவது இருந்ததா? யார் செய்தார்கள் என்று ஊருக்கே தெரியும். கீழ் நீதிமன்றம் தண்டித்தது. உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. கரிகாலன் கதையில் கொலையாளி யார் என்பது புதிர். வெண்மணியில் தீர்ப்புத்தான் புதிர்.

2015 ஜூனில் பொறியியல் படித்த கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர், தோழியோடு திருச்செங்கோடு கோவிலுக்குப் போனார். அடுத்த நாள் தலை வேறு உடல் வேறாகப் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தார். தற்கொலை என்று காட்ட எல்லா ஏற்பாடும் நடந்தது. முக்கியச் சாட்சியே நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். ஆனால் கோவில் கண்காணிப்புக் கேமரா பிறழவில்லை. அவருடைய தாய் விடவில்லை, வழக்கறிஞர்கள் விடவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தது. காதல் என்ற சந்தேகம், பிறப்பு, வெட்டிய தலை. கல்கியின் கதையில் இருப்பதெல்லாம் இதிலும் இருக்கிறது. வாசகர்கள்தான் இல்லை. கரிகாலன் வழக்கை விவரமாகச் சொல்லத் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்குக் கோகுல்ராஜ் வழக்கின் தீர்ப்பு தெரியும்?

இளவரசன் ஒருவன் செத்தால் ஆயிரம் வருடம் ஆராய்ச்சி. சேரியில் ஒருவன் செத்தால் ‘சந்தேக மரணம்’ என்று ஒரு வரி. எந்தச் சாவு கதையாகும், எந்தச் சாவு கோப்பில் தூங்கும் என்பதையும் சாதிதான் முடிவு செய்கிறது.

அதனால் இந்த வட்டத்துக்கு ஒரு யோசனை வைத்து முடிக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு நாவலுக்குப் பதிலாகக் கோகுல்ராஜ் வழக்கின் தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். நீளமானதுதான். ஐந்து பாகம் படித்தவர்களுக்கு அது பெரிதல்ல. பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காவல்துறை எங்கே தாமதித்தது, எந்தச் சான்று வழக்கை நிறுத்தியது, சாட்சிகள் மேல் என்ன அழுத்தம் வந்தது என்று பென்சிலால் கோடு போட்டுப் படித்து வாருங்கள். சட்டம் படிக்கிற தோழர்கள் இங்கே இரண்டு பேர் இருக்கிறீர்கள். வழக்குச் சொற்களை மற்றவர்களுக்கு விளக்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நம் பகுதியில் ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்தால் முதல் நாளில் என்ன கேட்க வேண்டும், எதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று இந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

 கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் கிளம்பலாம். மற்றவர்கள் இருங்கள், கேள்விகளைத் தொடர்வோம்.