வேண்டிய உருவம்



கைபேசியில் வீடியோ விளையாட்டு ஆடும் இளைஞர்கள், ஆட்டத்தில் இறங்குமுன் நெடுநேரம் தங்கும் இடம் ஒன்று உண்டு. தாம் இயக்கப்போகும் பாத்திரத்துக்கு உருவம் அமைக்கும் இடம் அது. ஆணா பெண்ணா, நிறம் எது, முடி எத்தகையது, உடை யாது, பெயர் என்ன என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கின்றனர். பெரியவர்களுக்கு இது பொம்மைக்குச் சட்டை மாட்டும் வேலையாகத் தோன்றுகிறது. அவ்வாறு தள்ளிவிடத் தக்கதுதானா என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

இப்பாத்திரத்துக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் ‘அவதார்’ என்பது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லின் பயணம் சுவை தருவது. இறங்கி வருதல் என்னும் பொருளுடைய வடசொல் இது; இறைவன் உலகில் உருக்கொள்வதைக் குறித்தது. 1985இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘அல்டிமா’ வரிசையின் நான்காம் விளையாட்டு இச்சொல்லைத் தன் தலைப்பில் ஏற்றது. 1986இல் லூக்காஸ்ஃபிலிம் நிறுவனம் சோதனையாக நடத்திய ‘ஹாபிடாட்’ என்னும் கணினி உலகில், ஆடுவோரின் உருவங்களுக்கும் இதுவே பெயராயிற்று. நம் நாட்டுச் சொல் கடல் கடந்து சென்று, புதுப்பொருள் பூண்டு, நம் பிள்ளைகளின் வாய்க்கே திரும்பி வந்துள்ளது.

அவ்விரண்டு விளையாட்டுகளும் இருவேறு வழி காட்டின. ஹாபிடாட்டில் தலையையே கழற்றி வேறொன்று பொருத்திக்கொள்ளலாம். அல்டிமாவிலோ, தொடக்கத்தில் அறநெறி பற்றிய வினாக்கள் எழுப்பப்படும். உண்மை பெரிதா, இரக்கம் பெரிதா என்பன போன்ற இக்கட்டுகளுக்கு ஆடுபவர் தரும் விடைகளைக் கொண்டே அவருடைய பாத்திரம் எவ்வகையினது என்பது முடிவாகும். ஒன்றில் முகத்தால் தம்மை உணர்த்தினர். மற்றொன்றில் மனத்தால் உணர்த்தினர். தன்னை வெளிப்படுத்தல் என்பது இவ்விரண்டும் சேர்ந்ததே.

தோற்றம் அற்பமான பொருள் என்று எண்ணுவோர், ஆரியங்கோட்டையும் நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்து எல்லையூர்களையும் தன்னுள் கொண்டிருந்த தென் திருவிதாங்கூரின் வரலாற்றை நினைவு கூர்தல் வேண்டும். அந்நாட்டில் ஒரு பெண் மார்பை மறைத்து ஆடை அணியலாமா என்பதைச் சாதி முடிவு செய்த காலம் இருந்தது. 1829ஆம் ஆண்டு அரச அறிக்கை, கிறித்தவ நாடார் பெண்கள் குப்பாயம் என்னும் தைத்த சட்டை அணியலாம் என்றது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மேலாடை இடக்கூடாது என்று தடுத்தது. பூசல்கள் ஓயவில்லை. 1859 ஜூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மற்றோர் அறிக்கை விடுத்தார். நாடார் பெண்கள் சட்டை அணியலாம். மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணி கட்டலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மறைக்கலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது.

இவ்வறிக்கையின் அமைப்பைக் கூர்ந்து நோக்குங்கள். இன்ன இன்ன வகையிலிருந்து ஒன்றைத் தேர்ந்துகொள்க என்கிறது. ஒரு வகையை மட்டும் பூட்டி வைக்கிறது. தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றவருக்குப் பட்டியல் எழுதும் உரிமை கிட்டவில்லை. அன்று உடலும் மானமும் பட்ட துன்பத்துக்கு இன்றைய விளையாட்டை ஒப்பாகச் சொல்லுதல் தகாது. ஆயினும் அவ்வரலாறு கற்பிக்கும் வினா ஒன்றை இங்கும் கேட்கலாம்: பட்டியலை எழுதியவர் யார்?

கருநிற மேனியும் சுருள்முடியும் உடையவர்கள், தம் சாயலை விளையாட்டுகளில் அமைக்கப் போதிய வகைகள் இல்லை என்று நெடுங்காலம் முறையிட்டு வந்துள்ளனர். பட்டியலையே நீக்கிவிட்டவரும் உண்டு. ‘ரஸ்ட்’ என்னும் விளையாட்டில் 2015இல் தோல் நிறமும், 2016இல் ஆண் பெண் வடிவும், ஆடுபவரின் கணக்கு எண்ணைக் கொண்டு தாமாகவே ஒதுக்கப்பட்டன, மாற்ற வழியில்லை. பலர் சினந்தனர். பிறப்பினால் வந்த உருவத்தோடு வாழ்வது எத்தகையது என்பதை, உருவத்தைத் தேர்ந்தே பழகியவர்கள் அன்று சற்று உணர்ந்திருக்கக்கூடும்.

தேர்ந்த உருவம் தேர்ந்தவரையும் மாற்றுகிறது. நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்னும் ஆய்வாளர் இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டியது. கணினி உலகில் உயரமான உருவம் தரப்பட்டவர்கள், பணத்தைப் பங்கிடும் பேரத்தில் துணிவோடு பேசினர். குட்டையான உருவம் பெற்றவர்கள், நேர்மையற்ற பங்கையும் எளிதில் ஏற்றனர். வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பேசி, இரண்டிடத்தும் உச்சரிப்புக்காக எள்ளலுக்கு அஞ்சி அடங்கியிருக்கும் எல்லையூர்ப் பிள்ளை ஒன்று, விளையாட்டில் நிமிர்ந்த தோளும் அச்சமற்ற நடையும் உடைய உருவத்தைத் தேர்ந்தால், அதனை வீண் ஆசை என்று நாம் நகைக்கலாகாது. அப்பிள்ளை தனக்கு வேண்டிய துணிவை அங்கே பயின்று பார்க்கிறது.

எனினும் எச்சரிக்கையும் வேண்டும். பல விளையாட்டுகளில் நுழைவு இலவசம், உடைக்கே விலை. சிலவற்றில் விரும்பிய உடையை நேரே வாங்கவும் முடியாது; குலுக்கல் பெட்டிக்குப் பணம் கட்டி, வருவதைப் பெற வேண்டும். இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜிய நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018இல் அறிவித்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே கடையில் ஒரே உடையை வாங்கி அணிந்து, அதனைத் தனித்தன்மை என்று எண்ணுவது விந்தையன்றோ?

இதற்கு மாற்று, பட்டியலை நாமே எழுதுதல். கனடாவின் டொரண்டோ நகரில் ‘விசை’ என்னும் தமிழ்ப் பெயருடைய நிறுவனம் 2023இல் ‘வெண்பா’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. கனடாவில் குடியேறிய தமிழ்த்தாய் ஒருத்தி, சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டைக் கொண்டு இட்டலியும் புட்டும் ஆக்கிக் குடும்பம் நடத்தும் கதை அது. அங்கே முகத்தை மாற்ற இடமில்லை. தரப்பட்ட முகமே நம் வீட்டு முகம். 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருது, சிறந்த முதல் படைப்புக்காக இதற்குக் கிடைத்தது. நம்முடைய அடுக்களையை உலகம் ஆர்வத்தோடு ஆடிப் பார்த்தது.

ஆகவே பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒன்று கூறுவோம். பிள்ளையின் கையிலுள்ள திரையைப் பறிக்குமுன், ‘இந்த உருவத்தை ஏன் தேர்ந்தாய்?’ என்று கேளுங்கள். நேர்முகமாகச் சொல்லத் தயங்கும் பல செய்திகள் அவ்விடையில் வெளிவரும். அதன்பின், ‘நீ விரும்பியும் அங்கே இல்லாத உருவம் எது?’ என்றும் கேளுங்கள். படம் வரையவும், கதை எழுதவும், கணினிக்கு நிரல் அமைக்கவும் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அந்த இரண்டாம் வினாவே முதற்பாடமாக அமையலாம்.