ஒரே மாத்திரை, வேறு வேறு உடல்கள்

மருந்து அட்டையில் அச்சிட்ட அளவு எல்லா உடலுக்கும் ஒன்றுபோல் பொருந்தும் என்ற தவறான நம்பிக்கையைப் பற்றித்தான், இன்று பட்டம் பெறும் மருந்தாளுநர்களிடமும் செவிலியர்களிடமும் நான் பேச வந்திருக்கிறேன்.

என் வாதத்துக்குச் சான்று சென்னை சேத்துப்பட்டில் இருக்கிறது. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையத்தை, வீட்டிலிருந்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று நிறுவியதற்காக உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதே மையம் செய்த இன்னொரு வேலையை நாம் பாராட்ட மறந்துவிட்டோம். ஐசோநியாசிட் மாத்திரையைச் சிலருடைய கல்லீரல் வேகமாகவும் சிலருடையது மெதுவாகவும் செயலிழக்க வைக்கிறது. தென்னிந்தியரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மெதுவானவர்கள். ஜப்பானியரிலோ பத்தில் ஒருவர்தான். மெதுவானவர்களிடம் மருந்து நெடுநேரம் தங்குவதால், அளவு கூடும்போது கைகால் எரிச்சலும் மரமரப்பும் அவர்களுக்கே அதிகம் வந்தன. வேகமானவர்களுக்கு நேர்மாறான சிக்கல்: வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்தால் அது சீக்கிரம் தீர்ந்துபோய், கிருமி தப்பித்துக்கொண்டது. இதற்காக நோயாளிகளை இரண்டு வரிசையாகப் பிரித்து நிறுத்த வேண்டியிருக்கவில்லை. தினமும் கொடுத்தபோது வேகமானவர்களும் குணமானார்கள். உடன் சிறிதளவு வைட்டமின் பி6 சேர்த்தபோது மெதுவானவர்களின் நரம்பு காக்கப்பட்டது. வேறுபாட்டை அளந்து பார்த்ததால்தான் எல்லோருக்கும் பொதுவான முறையே கிடைத்தது. ‘மனிதர் எல்லோரும் ஒன்றுதானே, எதற்கு இந்த ஆராய்ச்சி’ என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு: மருத்துவமனைக்குள் சாதியைக் கொண்டுவருகிறீர்களா? கோயம்புத்தூரின் வைசிய சமூகத்தினரை ஆராய்ந்து 2006இல் வெளியான கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அறவே செயல்படாத நிலை ஐரோப்பியரையும் அமெரிக்கரையும்விட அங்கே சுமார் 4000 மடங்கு அதிகம் என்று அது காட்டியது. அறுவைக்கு முன் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் இறங்கிவிடும். இந்த நொதி இல்லாதவருக்கு மணிக்கணக்கில் இறங்காது, அதுவரை மூச்சை இயந்திரம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே மணமுடித்ததன் விளைவு இது. இங்கே குலத்தைக் கேட்பது எச்சரிக்கைக்காக மட்டுமே. முடிவைச் சொல்வது ரத்தப் பரிசோதனை. அந்தச் சமூகத்திலும் பெரும்பாலோருக்கு இக்குறை கிடையாது; வெளியே உள்ள ஒருவருக்கு இருக்கவும் கூடும். சேத்துப்பட்டிலும் ஒரே தெருவில் வேகமும் மெதுவும் கலந்துதான் இருந்தன. ஆகவே பெயரை வைத்து அளவைத் தீர்மானிப்பவர், எதையும் கேட்காதவரைப் போலவே தவறு செய்கிறார்.

பெண்கள் விஷயத்தில் நாம் கேட்கவே இல்லை. கருவுறும் வயதுப் பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்கக் கட்டங்களிலிருந்து விலக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977இல் வழிகாட்டியது. 1993இல்தான் அது மாறியது. சிசுவைக் காக்கும் நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் சோதனையில் இல்லாத பெண், கடையில் அதே மாத்திரையை வாங்கத்தான் செய்தாள். 1992இல் அங்கே அனுமதி பெற்ற சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையைப் பெண்களுக்கு 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்க 2013 வரை ஆயிற்று. பத்து மில்லிகிராம் சாப்பிட்டு எட்டு மணி நேரம் கழித்தும், வண்டி ஓட்டுவதைப் பாதிக்கும் அளவு மருந்து பெண்களில் சுமார் 15 விழுக்காட்டினர் ரத்தத்தில் இருந்தது, ஆண்களில் 3. பெண்கள் எடை குறைந்தவர்கள், அவ்வளவுதானே என்பார்கள். எடை ஒரு பங்குதான். கொழுப்பின் விகிதம், கல்லீரல் நொதிகள், சிறுநீரகம் வடிகட்டும் வேகம் என்று பலவும் இதில் சேர்கின்றன.

ஒவ்வொருவருக்கும் மரபணுப் பரிசோதனை நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்குமா என்று கேட்பீர்கள். இன்றைக்கு நடக்காது. ஆனால் வேறுபாடுகளைப் பதிவுசெய்ய ஒரு வழி உண்டு: மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்கும் தேசியத் திட்டம் 2010 முதல் இருக்கிறது. அதன் படிவத்தில் நோயாளியின் வயது, பால், எடை மூன்றுக்கும் இடம் உண்டு. மருத்துவர் மட்டுமே நிரப்ப வேண்டும் என்பதில்லை. மருந்தாளுநரும் செவிலியரும் நிரப்பி அனுப்பலாம்.